கரண்ட் வந்து ஐந்து நிமிடம்

இது உண்மையாக நடந்தது. பேய்க் கதை சொல்ல வருகிற எல்லோரும் முதலில் இப்படித்தான் சத்தியம் பண்ணுவார்கள் என்பது தெரியாமல் இல்லை. ஆனால் ரதியின் வாயால் ஒருமுறை கேட்டுவிட்டால் நீங்களும் சத்தியம் பண்ணத் தொடங்கிவிடுவீர்கள். வீடு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஓர் ஒழுங்கையில் இருக்கிறது. ஒழுங்கையின் பெயரைச் சொல்வதற்கில்லை. அந்த வீட்டில் இப்போது வேறு ஆட்கள் குடியிருக்கிறார்கள், அவர்களும் நித்திரை கொள்ள வேண்டும். நம்பாதவர்கள் இதை லைட் இருக்கும்போது வாசியுங்கள். நம்புகிறவர்கள், வாசிக்கும்போது லைட் போனால், வந்த பிறகும் கொஞ்ச நேரம் எழும்பாதீர்கள்.

ரதி லேசில் பயப்படுகிறவள் அல்ல. பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறாள். எதற்கும் ஒரு விடை இருக்கும், இல்லாவிட்டால் கேள்வி பிழை என்று சொல்லுகிற ரகம். கணவன் தயாபரனுக்குக் கொட்டாஞ்சேனையில் டைல்ஸ் கடை. அவனுடைய அப்பா முத்துலிங்கமும் அவர்களோடுதான் இருந்தார். வீட்டில் இந்த மூன்று பேர்தான்.

வாகன இறக்குமதி திரும்பத் திறந்த வருடம், தயாபரன் பெற்றோல் காரைக் கொடுத்துவிட்டு ஒரு மின்சாரக் கார் எடுத்தான். யாரோ ஒருவர் சில மாதம் ஓடிவிட்டு விற்றது. ஏன் இவ்வளவு கெதியில் விற்றார் என்று அவன் கேட்கவில்லை. தானமாய் வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். இது தானம் இல்லைத்தான், ஆனால் விலை ஏறக்குறைய அப்படி இருந்தது.

போர்ட்டிகோ சுவரில் சார்ஜர் பூட்டியது ஷிப்லி என்ற பொடியன். சும்மா இருக்கும்போது பச்சை எரியும், காருக்குச் சார்ஜ் ஏறும்போது நீலம் எரியும், கரண்ட் போனால் ஒன்றும் எரியாது. அவ்வளவுதான் படிக்க இருந்தது. ஆனால் முத்துலிங்கம் விடவில்லை.

"லைட் போனா என்ன நடக்கும்?"

"இதும் நிண்டுடும் அங்கிள். திரும்ப வந்த உடனே ஓடாது. கொஞ்ச நேரம் பொறுத்து, கரண்ட் சீரா வருதா எண்டு பாத்துட்டுத்தான் ஓடும். நீங்க ஒண்டும் செய்யத் தேவல்ல."

"மெசின் பொறுத்தால் பொறுக்கட்டும்," என்றார் முத்துலிங்கம். "நானும் பொறுக்கிறன்."

அவர் காலத்து மனிதர்களுக்குக் கரண்ட் என்பது போவதில் பிரச்சினை இல்லை, வருவதில்தான் பிரச்சினை. வருகிற வேகத்தில் பிரிஜ்ஜை எரிக்கும், டீவியை எரிக்கும். ஆகவே கரண்ட் போன உடனே மனிதர் வெளியே போவார். காரிலிருந்து வயரைக் கழற்றுவார். கோயில் வீதியைச் சுற்றுவதுபோல வலமாகச் சுற்றிச் சுவர்க் கொக்கியில் தொங்கவிடுவார். பிறகு காரின் முன் இடப்பக்க ஆசனத்தில் ஏறி இருந்துகொள்வார். குள்ளமான மனிதர் என்பதால் அந்த ஆசனத்தை முன்னுக்கு இழுத்து வைத்திருப்பார், முழங்கால் டாஷ்போர்டில் முட்டும். கரண்ட் வந்ததும் கைக்கடிகாரத்தில் ஐந்து நிமிடம் பார்ப்பார். இறங்கி, வயரைக் குத்திவிட்டு, சாப்பாட்டறை ஜன்னல் கண்ணாடியில் விரலால் இரண்டு தட்டு.

டொக்... டொக்.

விரலில் தடித்த மோதிரம். தட்டும்போது அதன் விளிம்பு கண்ணாடியில் பட்டுக் 'கிண்' என்று கேட்கும். எல்லாம் சரி என்று அர்த்தம். ரதி உள்ளேயிருந்து, "ஓம் மாமா," என்பாள். மெசினும் பொறுத்து, மாமாவும் பொறுத்து, கார் பாதி நாள் ஏறாமலே நிற்கிறது என்று தயாபரன் பகிடி பண்ணுவான். கிழவர் காதில் வாங்க மாட்டார்.

ஒரு சனிக்கிழமை காலை. இடியப்பம் அவிந்துகொண்டிருக்கும்போது கரண்ட் போனது. மாமா வெளியே போனார். கொஞ்ச நேரத்தில் கரண்ட் வந்தது. ஒழுங்கைப் பிள்ளைகள் வழக்கம்போல "ஓ..." என்று கத்தினார்கள். ரதி பிளெண்டரைப் போட்டாள். சம்பல் அரைத்து முடிந்தது. தேத்தண்ணி ஆறியது.

ஜன்னலில் யாரும் தட்டவில்லை.

அவள் போய்ப் பார்த்தாள். வயர் கொக்கியில் வலமாகச் சுற்றித் தொங்கியது. மாமா இடப்பக்க ஆசனத்தில், முழங்கால் டாஷ்போர்டில் முட்ட, சார்ஜரைப் பார்த்தபடியே இருந்தார். கண் திறந்திருந்தது. மணிக்கட்டைப் பிடித்தபோதுதான் அவளுக்கு விளங்கியது. அந்த இடத்திலேயே நிலத்தில் குந்தியிருந்து அழுதாள். பெற்ற தகப்பனைவிட அவளோடு அதிகம் கதைத்த மனிதர் அவர்.

முத்துலிங்கத்தின் தமக்கை சீனியம்மா பாமன்கடையில் இருக்கிறார். செய்தி கேட்டு வந்ததும் அழ முதல் அவர் கேட்ட கேள்வி, "இண்டைக்குச் சனியெல்லே?"

ஓம், சனி.

"சனிப் பிணம் தனிப் போகாது. ஆரையும் துணைக்குக் கேக்கும். கோழிக்குஞ்சு கட்டிறவை. நாங்கள் சைவம், தேங்காய் போதும். பெட்டியோட ஒரு தேங்காய் போக வேணும் தயா, மறந்திடாத."

தயாபரன் ஞாயிறு காலையே சந்தையில் முடித்தேங்காய் ஒன்று வாங்கிக் காரில் வைத்தான். ஆனால் உடலை வைத்திருந்த பொரளை மலர்ச்சாலையில் ஆயிரம் வேலை. வந்தவர்களைக் கும்பிட வேண்டும், ஐயரைப் பார்க்க வேண்டும், மாமாவின் மோதிரத்தைக் கழற்றிப் பத்திரப்படுத்த வேண்டும். பின்னால் அடுத்த பெட்டி காத்திருக்கிறது என்று மலர்ச்சாலைக்காரர்கள் "இக்மன், இக்மன்" என்று அவசரப்படுத்தினார்கள். கனத்தைச் சுடலைக்குப் போய், எரிமூட்டி, ஆண்கள் திரும்பினார்கள்.

வாசலில் மஞ்சள் தண்ணீரோடு ரதி நின்றாள். கார் போர்ட்டிகோவுக்குள் வந்தபோதே அவளுக்கு ஒரு சத்தம் கேட்டது.

டிங்... டிங்... டிங்...

முன் ஆசனத்தில் ஆள் இருந்து, பெல்ட் போடாவிட்டால் அடிக்கிற மணி. காரில் தயாபரன் மட்டும்தான் இருந்தான். அவன் பெல்ட் போட்டிருந்தான். இடப்பக்க ஆசனத்தில் ஒரு ஷொப்பிங் பை. பைக்குள் தேங்காய்.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"மறந்திட்டன்," என்றான் தயாபரன். "தேங்காய்ப் பாரத்துக்கு ஆள் எண்டு நினைச்சு அடிக்குது. சீனியம்மாவுக்குச் சொல்லாதேயும். எட்டாம் நாள் காரியம் முடியட்டும், கடலில போடுவம்."

அவன் பையைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பின்னால் டிக்கியில் வைத்தான். ஆசனம் வெறுமையாகிவிட்டது.

டிங்... டிங்...

இன்னும் இரண்டு தரம் அடித்துவிட்டுத்தான் நின்றது. ரதி அந்த ஆசனத்தில் மூன்று கிலோ அரிசி வைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். அப்போது அது வாயே திறந்ததில்லை. ஆனால் செத்த வீட்டு வாசலில் நின்று கணக்குப் பார்க்க அவளுக்கு மனம் வரவில்லை.

மூன்றாம் நாள் பின்னேரம் கரண்ட் போனது. கார் போர்ட்டிகோவில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. இருவரும் வீட்டுக்குள்ளே இருந்தார்கள். கரண்ட் வந்ததும், தயாபரன் வெளியே எட்டிப் பார்த்தான்.

"வயரை நீரே கழட்டினனீர்?"

"நான் குசினியில சமைச்சுக்கொண்டு நிண்டனான். நீங்கள் கழட்டேல்லையே?"

வயர் கொக்கியில் அழகாகச் சுற்றித் தொங்கியது. ரதி கிட்டப் போய்ப் பார்த்தாள். இடமாகச் சுற்றியிருந்தது. கோயிலை மறுபக்கமாகச் சுற்றினமாதிரி. சுடலையில் பிணத்தை அப்படித்தான் சுற்றுவார்கள் என்பது அவளுக்கு ஞாபகம் வந்தது. போனவர்களுக்கு எல்லாம் மறுபக்கமாகிவிடும்போல, என்று தனக்குள் சமாதானம் சொன்னாள். கணித ரீச்சர் சொல்லுகிற சமாதானமா அது? ஆனால் பயத்திலும் அவளுக்கு ஒரு சின்ன ஆறுதல் இருந்தது. மாமாதானே. மாமா யாருக்கு என்ன கெடுதல் செய்யப் போகிறார்?

அதற்குள், கரண்ட் வந்து ஐந்து நிமிடமாகியிருந்தது.

டொக்... டொக்.

சாப்பாட்டறை ஜன்னல். வெளியே யாரும் இல்லை. ரதிக்கு வாயில் வந்துவிட்டது. "ஓம்..." என்று தொடங்கி, பல்லைக் கடித்துக்கொண்டாள்.

அன்றிரவு படுக்கையில் தயாபரன் மெதுவாகக் கேட்டான். "அந்த முன் சீற்றைப் பின்னுக்குத் தள்ளினது நீரே? கடைசிமட்டும் தள்ளிக் கிடக்கு."

அவள் தள்ளவில்லை. காரில் அவள் ஏறியே எத்தனையோ நாள். கொஞ்ச நேரம் கழித்து அவளுக்கு இன்னொன்றும் உறைத்தது. பின்னேரம் கேட்ட தட்டில் 'கிண்' என்ற சத்தம் இல்லை. மோதிரம் அலுமாரிக்குள் இருக்கிறது, 'கிண்' எப்படிக் கேட்கும் என்று அதற்கும் ஒரு விடை கண்டுபிடித்தாள். பயந்தவன் கண்ணுக்கு மட்டுமில்லை, பயப்பட விரும்பாதவன் கண்ணுக்கும் எதுவும் நேராகத் தெரியாது.

ஆனால் ஒரு சொல் மட்டும் அவளைவிட்டுப் போகவில்லை. சனிப் பிணம் தனிப் போகாது. தேங்காய் டிக்கியில் கிடக்கிறது. துணையில்லாமல் போனவர் திரும்பி வந்திருக்கிறார். யாரைக் கூட்டிக்கொண்டு போக? தினமும் அந்த இடப்பக்க ஆசனத்தில் இருந்து கொட்டாஞ்சேனைக் கடைவரை மகனோடு கதைத்துக்கொண்டு போனவர் அவர். கூட்டிக்கொண்டு போவதென்றால் யாரைக் கூட்டிப் போவார் என்று யோசிக்க ஒரு கணித ரீச்சர் தேவையில்லை.

"தேங்காயைப் போடுவம்," என்று அவள் ஒவ்வொரு நாளும் சொன்னாள். "நாளைக்கு," என்று அவன் ஒவ்வொரு நாளும் சொன்னான். டிக்கியைத் திறக்க அவனுக்குப் பயம் என்பதை அவன் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

எட்டும் முடிந்தது. அடுத்த வாரம் ஒருநாள், பின்னேரத்திலிருந்தே மழை. தயாபரன் கடையிலிருந்து வந்து, காரை விட்டு, வயரைக் குத்தினான். உள்ளே வந்து தேத்தண்ணி குடித்தான். ஆறு ஐம்பது மட்டில் ஒழுங்கை முழுக்க இருட்டானது. ரதி விளக்குத் தேடினாள்.

"சப்ளையர் ஒருத்தருக்குக் கோல் எடுக்க வேணும். போனில சார்ஜ் இல்லை," என்றான் தயாபரன். "காருக்குள்ள இருந்து எடுத்திட்டு வாறன். ஏசியும் இருக்கு."

லைட் போனால் மின்சாரக் கார் வைத்திருக்கிற பலர் செய்கிற வேலைதான் அது. அவள் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

அவள் மெழுகுதிரி கொளுத்தினாள். மழைச் சத்தம். அதற்குள்ளே இன்னொரு சத்தம்.

டிங்... டிங்... டிங்...

அவன்தான் பெல்ட் இல்லாமல் இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டாள்.

டிங்... டிங்...

'க்ளிக்.'

மணி நின்றது. யாரோ பெல்ட் போட்டுவிட்டார்கள். நின்ற காருக்குள் யார் பெல்ட் போடுவார்கள்?

ரதி ஜன்னலுக்குப் போனாள்.

ஒழுங்கை முழுக்க இருட்டு. எதிர் மாடிவீடு இருட்டு. அவர்களுடைய போர்ட்டிகோவில் மட்டும் ஒரு நீல வெளிச்சம். சார்ஜர். கரண்ட் இல்லாமல் எரிகிறது. வயர் காரில் இல்லை. கொக்கியில், இடமாகச் சுற்றித் தொங்குகிறது. ஆனாலும் நீலம். எதற்கோ ஏறிக்கொண்டிருக்கிறது.

காருக்குள் தெரிந்தது.

இரண்டு தலை.

அவள் குடையும் எடுக்கவில்லை, செருப்பும் போடவில்லை. ஓடிப்போய்க் கதவை இழுத்தாள். பூட்டு. கண்ணாடி உட்புறமாக ஆவி பூத்துப்போய் மங்கலாகத் தெரிந்தது. தயாபரன் ஸ்டியரிங்கில் கை வைத்தபடி நேரே பார்த்துக்கொண்டிருந்தான். கண் திறந்திருந்தது. மாமாவின் கண் அன்றைக்குத் திறந்திருந்த மாதிரி.

"தயா... இஞ்சருங்கோ... திறவுங்கோ..."

அவன் திரும்பவில்லை.

இடப்பக்கத்தை அவள் பார்க்கவில்லை. பார்க்க ஏலாமல் இருந்தது. பூச்சாடியைத் தூக்கிக் கண்ணாடியில் அடித்தாள். சாடிதான் உடைந்தது. உள்ளே ஓடி, காரின் மற்றத் திறப்பை எடுத்து வந்து அதன் பொத்தானை அமத்தினாள். கதவு திறக்கவில்லை.

அமத்தினாள். அமத்தினாள்.

பின்னால் 'ஸ்ஸ்' என்று ஒரு சத்தம்.

டிக்கி மட்டும் தானாக மேலே எழும்பியது.

பைக்குள் தேங்காய்.

அப்போது ஒழுங்கைப் பிள்ளைகள் கத்தினார்கள். "ஓ...!" எல்லா வீட்டிலும் வெளிச்சம் பளீரென்று வந்தது. கரண்ட்.

கரண்ட் வந்துவிட்டது. இனி ஐந்து நிமிடம். மாமா ஐந்து நிமிடம் பார்ப்பார். ஐந்து நிமிடம் முடிந்தால் எழும்பிவிடுவார்.

எழும்பினால், தனியாகப் போக மாட்டார்.

அவள் தேங்காயை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு ஓடினாள். கடற்பக்கம். ஒழுங்கை முழுக்கத் தண்ணீர். மெரீன் டிரைவில் ஒரு த்ரீவீலர் சறுக்கி நின்று ஏசியது. அவள் நிற்கவில்லை. அதைத் தாண்டினால் தண்டவாளம். தாண்டினால் கடல்.

கூ...!

ரெயில்.

பாணந்துறைப் பக்கமிருந்து வந்தது. நிரம்பி வழிகிற ரெயிலில்லை, வெறும் பெட்டிகள். ஒன்று. அடுத்தது. இன்னொன்று. முடியவே முடியாதுபோல ஊர்ந்தது. அவள் மழைக்குள் நின்று நடுங்கினாள். எத்தனை நிமிடம் போய்விட்டது? இரண்டா? மூன்றா?

கடைசிப் பெட்டி.

தண்டவாளத்தைத் தாண்டினாள். கல்லில் கால் கிழிந்தது. அலை மேலே வந்து முகத்தில் அடித்தது. தேங்காயைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அழுதபடியே சொன்னாள்.

"மாமா... இதைக் கொண்டு போங்கோ. இவரை விட்டிடுங்கோ. இதுதான் உங்கட துணை மாமா... மாமா..."

எறிந்தாள்.

விழுந்த சத்தம் கேட்கவில்லை.

திரும்பி ஓடினாள். கேற்றுக்கு வரும்போது மூச்சு இல்லை. போர்ட்டிகோ லைட் எரிந்தது. சார்ஜரில் பச்சை.

கார்...

டொக்... டொக்.

காருக்குள்ளிருந்து. கண்ணாடியில்.

கதவு தானாகத் திறந்தது. தயாபரன் வெளியே சரிந்து விழுந்தான். கை கால் ஐஸ். ஆனால் மூச்சு இருந்தது. அவன் தலையை மடியில் போட்டுக்கொண்டு அவள் கத்தி அழுதாள்.

இடப்பக்க ஆசனம் வெறுமையாக இருந்தது. பெல்ட் மட்டும் போட்டபடி.

"நீங்கள்தானே தட்டினது?" என்று அவள் பிறகு கேட்டாள்.

"நான் தட்டேல்லை. கை அசைக்கவே ஏலாமக் கிடந்தது." அவன் போர்வைக்குள் நடுங்கினான். "பக்கத்தில ஆரோ இருந்தமாதிரி... திரும்பிப் பாக்க விடேல்லை. 'அஞ்சு நிமிஷம் இரு' எண்டு மட்டும் கேட்டது."

"மாமாவே?"

"வேற ஆர்?"

அதற்குப் பிறகு ஒன்றும் நடக்கவில்லை. கரண்ட் போனது, வந்தது. வயர் குத்தின இடத்திலேயே இருந்தது. சார்ஜர் தன்பாட்டில் நின்று, தன்பாட்டில் பொறுத்து, தன்பாட்டில் ஓடியது. ஒருநாள் ஷிப்லியை வரச்சொல்லிக் காட்டினார்கள். கரண்ட் இல்லாமல் இதில் லைட் எரியுமா என்று ரதி கேட்டாள்.

"எரியேலா அக்கா. உள்ளுக்கு பெட்டரி ஒண்டும் இல்ல. எங்கயாவது இருந்து கரண்ட் வந்தாத்தான் எரியும்."

எங்கே இருந்து என்று அவள் கேட்கவில்லை. துணை கிடைத்தது, மாமா போய்விட்டார். கணக்குச் சரி. ரதி அன்றுதான் நிம்மதியாக நித்திரை கொண்டாள்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்தது. வந்தவர்கள் எல்லோரும் சாப்பிட்டுப் போன பிறகு, சீனியம்மா மட்டும் கதிரையில் இருந்து வெற்றிலை மடித்தார். ரதிக்கு மனதில் வைத்திருக்க ஏலாமல் போய்விட்டது. கிழவி ஏசினாலும் பரவாயில்லை என்று, தேங்காய் மறந்ததிலிருந்து கடலில் எறிந்ததுவரை எல்லாவற்றையும் சொன்னாள். தயாபரன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

சீனியம்மா ஏசவில்லை. சிரித்தார்.

"உங்களை நம்பி என்ர தம்பியை அனுப்புவனே? நீ வெறுங்கையோட ஓடித் திரிஞ்சதை நான் பாத்தனான் தயா. என்ர பையுக்குள்ள இன்னொரு தேங்காய் வைச்சிருந்தனான். மலர்ச்சாலையில நிண்ட கிளறன்ஸ் எண்ட பொடியனிட்டைச் சொல்லி, பெட்டி மூட முன்னம் என்ர கையாலயே அவன்ர காலடியில வைச்சனான். அவன் துணையோடதான் போனவன். அண்டைக்கே போயிட்டான்."

ரதிக்கு ஒரு கணம் சந்தோஷமாகத்தான் இருந்தது. மாமா நல்லபடியாகப் போயிருக்கிறார். அவர் மகனைக் கேட்டு வரவில்லை.

பிறகுதான் ஒவ்வொன்றாக வந்தது. மறுபக்கமாகச் சுற்றின வயர். 'கிண்' இல்லாத தட்டு. கடைசிமட்டும் பின்னுக்குத் தள்ளிய ஆசனம். மாமாவுக்குக் கால் எட்டாதே. அந்த இடத்தில் நீட்டி இருக்க வேண்டுமென்றால், மாமாவைவிட ஒன்றரை மடங்கு உயரமான ஆளாக இருக்க வேண்டும்.

சீனியம்மாவின் கையில் வெற்றிலை அப்படியே நின்றது. அவரும் கணக்குப் போட்டிருக்க வேண்டும். சிரிப்பு முகத்திலிருந்து இறங்கிவிட்டது.

"அப்ப பிள்ளை," என்றார். "நீ ஆரை மாமா எண்டு கூப்பிட்டுத் தேங்காய் குடுத்தனி?"



காரைத் தங்களுக்கு விற்றவரைத் தேடினார்கள். அந்த இலக்கம் பாவனையில் இல்லை. பிறகு அந்தக் காரும் அவர்களிடமிருந்து கைமாறிவிட்டது. ஷிப்லி சார்ஜரைக் கழற்றிக்கொண்டு போனான். ரதியும் தயாபரனும் இப்போது கொட்டாஞ்சேனையில், கடைக்கு மேல்மாடியில் இருக்கிறார்கள். அங்கே போர்ட்டிகோ இல்லை. காரும் இல்லை. தெருப்பக்கம் பார்க்கிற ஜன்னல்கூட இல்லை.

அங்கேயும் கரண்ட் போகும். வரும். கீழே கடைக்காரப் பொடியன்கள் "ஓ..." என்று கத்துவார்கள். மேலே இரண்டு பேரும் எல்லா லைட்டையும் போட்டுவிட்டுக் கட்டிலில் கைகோத்துக்கொண்டு, சுவர் மணிக்கூட்டைப் பார்த்தபடி இருப்பார்கள்.

ஒன்று... இரண்டு... மூன்று... நான்கு...

டொக்... டொக்.

படுக்கையறைக் கதவில்.

ரதி உறவு சொல்லிக் கூப்பிட்டுவிட்டாள் அல்லவா. உறவுக்காரர் எத்தனை நாளைக்கு ஜன்னலுக்கு வெளியே நின்று தட்டுவார்கள்?